வியர்க்காத நெற்றி

அத்தியாயம் 7

அண்ணிக்கு எதிராளியின் முகம் ஒன்று போதும். கைரேகை வேண்டாம், காலடித் தடம் வேண்டாம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பிடிக்கும் வேலையில் இருந்த காலத்தில், "கடையே எரிஞ்சு போச்சும்மா" என்று கதறிய ஒருவரின் இடது புருவம் நூலளவு ஏறி இறங்கியதைப் பார்த்தார். அன்று சாயங்காலமே எரிந்துபோன சரக்கு முழுவதும் அந்த ஆளின் மாமனார் வீட்டுக் கொட்டகையில் பத்திரமாக இருந்தது.

அப்பேர்ப்பட்ட அண்ணி, அன்று மத்தியானம் அந்தக் கண்ணாடி மாளிகையின் ஹாலில் உட்கார்ந்து திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தார்.

"ஏதாவது தெரியுதா அண்ணி?" என்று காதோடு காதாகக் கேட்டான் வாலு. அண்ணியின் கணவருக்கு அவன் உடன்பிறந்த தம்பி. துப்பறியும் ஆபீசுக்கு உதவியாளன், டிரைவர், டீ வாங்கி வருகிறவன் எல்லாம் அவன்தான். சும்மா இருக்கத் தெரியாத வாய் என்பதால் சின்ன வயதிலேயே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"சுவரைப் படிக்கிற மாதிரி இருக்குடா. ஒரு எழுத்து கூடத் தெரியல."

எதிர் சோபாவில் வரிசையாக மூன்று முகங்கள். மகன், மருமகள், மகள். மூன்று நெற்றிகளும் இஸ்திரி போட்ட துணி. சிரித்தால் உதடு மட்டும் விரிந்தது, கண் பக்கம் செய்தி போய்ச் சேரவில்லை. பெற்ற தாய் ஆஸ்பத்திரியில் மூச்சுக் குழாயோடு கிடக்கிறார், மகள் விசும்புகிறாள், ஆனால் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. அழுகைச் சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து வருகிற மாதிரி இருந்தது.

இந்தக் குடும்பத்தை ஊருக்கே தெரியும். பெட்டிக்கடை வரைக்கும் விற்கிற சுருக்கம் போக்கும் கிரீம் இவர்களுடையது. டின் மூடியில் சிரிக்கிறவர் வீட்டுத் தலைவி. கம்பெனியில் எல்லோருக்கும் அவர் பெரியம்மா. அறுபதைத் தாண்டிய அந்த முகத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'ஊசி எதற்கு? ஒரு பொட்டு போதும்!'

அந்தப் பெரியம்மாவுக்குத்தான் போன வாரம் திடீரென்று கண் மங்கியது, நாக்கு குழறியது, தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்க மறுத்தது. பரிசோதனையில் ரத்தத்தில் ஒரு விஷம் இருந்தது. கெட்டுப்போன டின் சாப்பாட்டிலும், எண்ணெயில் போட்டு மூடிவைத்த பண்டத்திலும் உண்டாகிற விஷம். பெரியம்மாவுக்கு எண்ணெயில் ஊறிய பூண்டு என்றால் உயிர். ஊறப்போடுகிறவர் சமையல்காரர். அவ்வளவுதான், கேஸ் முடிந்தது! சமையல்காரர் கையில் விலங்கு விழுந்தது.

அவருடைய மனைவி அன்று காலையில் அண்ணியின் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். "அவரு சாகச் சொன்னா செத்துடுவாரும்மா, கெட்டுப்போனதைப் பரிமாற மாட்டாரு" என்றாள். சாயங்காலம் மாஜிஸ்திரேட் முன் நிறுத்திவிட்டால் ஆள் நேராக ஜெயிலுக்கு. அதற்குள் உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

"நீங்க யாருமே அந்தப் பூண்டைச் சாப்பிடலையா?" என்று கேட்டார் அண்ணி.

"ஐயே, வாடை! நாங்க தொடவே மாட்டோம்," என்றாள் மருமகள்.

"அம்மா மட்டும்தான் சாப்பிடுவாங்க. அந்த ஆளோட அஜாக்கிரதை எங்க அம்மாவைப் படுக்க வெச்சிடுச்சு," என்றான் மகன். குரலில் கோபம் இருந்தது, முகத்தில் காணோம்.

அந்த வீட்டில் அசைகிற முகம் ஒன்றே ஒன்று. மகளைக் கட்டிய மாப்பிள்ளை. கிரீம் கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவர், வீட்டிலும் வெள்ளைக் கோட்டோடு உலாத்துகிறவர். வருத்தப்பட்டால் நெற்றியில் வரி வரியாக விழுந்தது, ஆச்சரியப்பட்டால் புருவம் ஏறியது. வந்தவர்களுக்கு அவரே காபி எடுத்து வந்து கொடுத்தார்.

"உங்களைப் பார்த்தாத்தான் சார் மனுஷங்க வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு," என்றான் வாலு.

மாப்பிள்ளை நெற்றி சுருங்கச் சிரித்தார்.

* * *

சமையலறையில் சமையல்காரர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இடத்தைக் காட்டுவதற்காக இன்ஸ்பெக்டர் அவரை அழைத்து வந்திருந்தார். இன்ஸ்பெக்டர் இரண்டு நாற்காலிக்குரிய உடம்புக்காரர், அண்ணிக்குப் பழைய பழக்கம்.

"மேடம், உங்களுக்காகத்தான் உள்ள விட்டேன். சாயங்காலம் ஆளைக் கொண்டுபோகணும். அதுக்குள்ள எதையாவது சொல்லுங்க, இல்ல விடுங்க."

அண்ணி சமையல்காரரிடம் திரும்பினார். "ஜாடி எங்க?"

மேடையில் பளபளவென்று கவிழ்ந்திருந்தது கண்ணாடி ஜாடி.

"அது நான் கழுவினதில்லம்மா," என்றார் சமையல்காரர். "பெரியம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்னைக்கே சின்னம்மா வந்து, மிச்சப் பூண்டைக் கொட்டிட்டு, தேய் தேய்னு தேய்ச்சாங்க. அவங்க இந்த வீட்டுக்கு மருமகளா வந்ததிலேருந்து ஒரு டம்ளர் அலம்பி நான் பார்த்ததில்ல."

"பாசம் பொங்கியிருக்கும்," என்றான் வாலு.

"பூண்டு கெட்டுப் போயிருந்தா, அந்த ஜாடியைப் பூட்டி வெச்சு போலீஸ் கையில கொடுத்திருப்பாங்க," என்றார் அண்ணி. "நல்லா இருந்ததாலதான் கழுவிட்டாங்க."

இன்ஸ்பெக்டர் மோவாயைத் தடவினார். "வாடை அடிச்சுதுன்னு சொல்றாங்களே மேடம்."

"நான் தினமும் அதுல ஒரு பல்லு வாயில போட்டுப் பார்ப்பேம்மா," என்றார் சமையல்காரர். சட்டைப் பையிலிருந்து காம்பு வளைந்த ஒரு சின்னக் கரண்டியை எடுத்துக் காட்டினார். "பெரியம்மாவோட உத்தரவு. நான் ருசி பார்க்காம எதுவும் மேஜைக்குப் போகக் கூடாது. நான் கல்லு மாதிரி இருக்கேன், அவங்க படுத்துட்டாங்க. அது எப்படிம்மா?"

"ருசி பார்த்தேன்னு நீதானேய்யா சொல்ற? வேற யாரு பார்த்தா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

சமையல்காரர் கரண்டியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். வாலுவுக்கு ஜோக்கு ஒன்றும் வாயில் வரவில்லை.

* * *

"பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு மாடிக்குப் போன அண்ணி, வேண்டுமென்றே தப்பான கதவைத் திறந்தார். பெரியம்மாவின் அறை.

"அண்ணி, இது வழி தவறினதா, வழி தெரிஞ்சு வந்ததா?"

"வாயை மூடிட்டு வா."

கோடி கோடியாய்ச் சம்பாதிக்கிற அம்மாள் என்று அந்தக் குளியலறையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பற்பசை ட்யூபை இரண்டு பக்கமும் கத்தரியால் வெட்டி, உள்பக்கத்தை வழித்து எடுத்திருந்தார். தேய்ந்துபோன சோப்புத் துண்டுகளை ஒன்றோடு ஒன்று ஒட்டிப் புதுச் சோப்பு செய்திருந்தார். அவருடைய கம்பெனி கிரீம் டின் நாய் நக்கிய தட்டு மாதிரி இருந்தது.

"எதையும் தூக்கிப் போடற வழக்கமே கிடையாது," என்றார் அண்ணி. அவருடைய பார்வை கண்ணாடிக்குக் கீழே இருந்த சின்னச் சின்ன டப்பாக்களின் மேல் ஓடியது. ஒன்றில் ஊக்கு, ஒன்றில் ரப்பர் பேண்டு. கட்டைவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிப் பாட்டில், அதற்குள் தோட்டுத் திருகுகள்.

பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வாயில் ரப்பர் மூடி. ஒட்டியிருந்த காகிதத்தை யாரோ நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார்கள்.

"இந்த மூடியைப் பாரு."

வாலு பார்த்தான். ரப்பர் முழுக்க ஊசிக் குத்து. "சல்லடையா அண்ணி இது? மாவு சலிக்கலாம் போலிருக்கே!"

"ஒரு பாட்டில். எத்தனை தடவை குத்தி உறிஞ்சியிருக்காங்க பாரு." அண்ணி பாட்டிலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். மாடிப்படியில் நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

பெரியம்மாவைப் பார்க்கிற டாக்டரம்மா வெளிப்படையாகப் பேசுகிறவர். "அந்த விஷம் வாய் வழியா போச்சா, வேற வழியா போச்சான்னு ரத்தம் சொல்லாதும்மா. போலீஸ்லயும் அதைத்தான் சொன்னேன். அவங்க காதுல பூண்டு மட்டும்தான் விழுந்தது."

"வேற வழின்னா?"

"ஊசி. சுருக்கத்துக்குப் போடறாங்களே, அந்த ஊசிக்குள்ள இருக்கறதும் இதே சரக்குதான்."

வாலு போனுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்தான். "ஆளைக் கொல்ற விஷத்தையா டாக்டர் காசு கொடுத்து நெத்தியில போட்டுக்கறாங்க?"

டாக்டரம்மா சிரித்தார். "அது பெரிய கதை தம்பி. இருநூறு வருஷத்துக்கு முன்னாடி, கெட்டுப்போன இறைச்சி சாப்பிட்டு ஜனங்க கொத்துக் கொத்தா செத்தாங்க. ஒரு டாக்டர் அந்த விஷம் என்ன செய்யுதுன்னு தெரிஞ்சுக்கத் தன் நாக்குலயே வெச்சுப் பார்த்தாரு. தசையை அசையவிடாம கட்டிப்போடற விஷம், துளியூண்டு கொடுத்தா மருந்தாகும்னு அப்பவே எழுதி வெச்சாரு. அது நிஜமாறதுக்கு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. முதல்ல மாறுகண்ணுக்குப் போட்டாங்க, அப்புறம் நிக்காம துடிக்கிற கண் இமைக்கு. துடிப்புக்குப் போட்டுக்கிட்டவங்கதான், டாக்டர், துடிப்பும் போச்சு, சுருக்கமும் போச்சு, இன்னொண்ணு போடுங்கன்னு வந்து நின்னாங்க."

"அப்ப சுருக்கம் ஒரேயடியா ஒழிஞ்சுதா?"

"எங்க! மூணு நாலு மாசத்துல திரும்பி வந்துடும்."

"வீட்டை விட்டுப் போன சொந்தக்காரங்க மாதிரி," என்றான் வாலு.

"கெட்ட மருந்து இல்ல தம்பி. பக்கவாதத்துல கை மடங்கிப் போனவங்களுக்குப் போடறேன், தலைவலிக்குப் போடறேன், உள்ளங்கையில வியர்வை ஊத்தறவங்களுக்குப் போடறேன். படிச்ச டாக்டர், சரியான பாட்டில், சரியான அளவு இருந்தா பெரும்பாலும் பயமில்ல. சில பேருக்குத் தலை வலிக்கும், இமை கொஞ்ச நாள் தொங்கும், சரியாயிடும். அளவு தெரியாத ஆள் எங்கேயோ வாங்கின பாட்டில்லேருந்து கழுத்துல ஏத்தினா, இந்த அம்மா மாதிரி ஆயிடும்."

அண்ணி மெதுவாக, "வியர்வைக்கும் போடறீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா. போட்ட இடத்துல வியர்க்காது."

"ரொம்ப நன்றி டாக்டர். கொஞ்ச நேரத்துல மறுபடியும் கூப்பிடறேன். நீங்க பேஷன்ட் பக்கத்துலயே இருந்தா நல்லது." போனை வைத்துவிட்டு அண்ணி வாலுவைப் பார்த்தார். அந்த முகத்தைப் படிக்க வாலுவுக்கு எந்தப் பயிற்சியும் தேவைப்படவில்லை. அண்ணி எதையோ பிடித்துவிட்டார்!

"ஹாலோட ஏசிக்குத் தனி ஸ்விட்ச் இருக்குமே, அதைத் தேடு. கீழே தள்ளிட்டு நல்ல பிள்ளையா வந்து உட்காரு."

* * *

கண்ணாடி மாளிகையில் ஒரு வசதி உண்டு. ஜன்னல் திறக்காது.

ஏசி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. "கரண்ட்ல ஏதோ கோளாறு போலிருக்கு, ஆள் வருவாங்க," என்று வாலு பொறுப்பாகச் சொன்னான். அண்ணி யாரையும் எழுந்திருக்க விடவில்லை. பெரியம்மாவுக்குப் பிடித்த நிறம் என்ன, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், செருப்பு என்ன அளவு என்று நோண்டி நோண்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியாக மத்தியான வெயில் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

இன்ஸ்பெக்டருக்கு முதலில் வியர்த்தது. தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். மகனின் மூக்கு நுனியில் முத்து முத்தாகத் துளிர்த்தது, கழுத்துப் பட்டை நனைந்தது. மருமகளின் மேலுதட்டில் மீசை மாதிரி வியர்வை. மகளுக்குக் கன்னத்திலிருந்து மோவாய் வரைக்கும் வழிந்தது. மூன்று பேரும் தெப்பமாக நனைந்தார்கள்.

ஆனால் மூன்று நெற்றிகளும் காய்ந்து கிடந்தன! புருவத்துக்கு மேலே ஒரு சொட்டு இல்லை. கீழே மழை, மேலே வறட்சி.

"இன்ஸ்பெக்டர் சார், உங்க நெத்தியைத் தொட்டுப் பாருங்க," என்றார் அண்ணி.

"குளிச்ச மாதிரி இருக்கு மேடம்."

"இப்ப அவங்க நெத்தியைப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் பார்த்தார். ஒவ்வொருவர் முன்னாலும் போய்க் குனிந்து பார்த்தார். "என்ன மேடம் இது மாயம்?"

"ஊசி. சுருக்கத்துக்குப் போடற ஊசி. பெரியம்மா ரத்தத்துல இருக்கற அதே விஷம், அளந்து போட்டது. போட்ட இடத்துல தசையும் அசையாது, வியர்வையும் வராது. இந்த வீட்டுல எல்லாரும் போட்டுக்கிட்டிருக்காங்க. பெரியம்மாவும்தான்."

மகன் துள்ளி எழுந்தான். "அபாண்டம்! எங்க அழகு எங்க கிரீமாலதான்! டின்லயே போட்டிருக்கு!"

"நெத்தி வியர்க்கலன்னா அது குற்றமா?" என்றாள் மருமகள். "எங்க பரம்பரையே அப்படித்தான்."

"நீங்க மருமகம்மா. வேற பரம்பரை," என்றான் வாலு.

அண்ணி குரலைத் தாழ்த்தினார். "உங்களைப் பிடிச்சுக் கொடுக்கறதுக்காக நான் கேட்கல. உங்க நல்லதுக்குத்தான் கேட்கறேன். பெரியம்மாவுக்குப் பூண்டாலதான் வந்ததுன்னா நீங்க நிம்மதியா இருக்கலாம், நீங்கதான் பூண்டே தொடலையே. ஊசின்னா கதை வேற. அதே பாட்டில் உங்களுக்கும் போயிருக்கும். முதல்ல பார்க்கறது ரெண்டு ரெண்டா தெரியும். அப்புறம் இமை தொங்கும். அப்புறம் எச்சில் கூட..."

"ஐயோ!" மகள் அலறினாள். முகம் அப்படியே இருந்தது, சத்தம் மட்டும் கூரையைப் பிளந்தது. "எனக்குக் காலையிலேருந்து இன்ஸ்பெக்டர் ரெண்டு பேரா தெரியறாரு!"

"அது விஷம் இல்லம்மா, அவரு உடம்பே அப்படி," என்றான் வாலு.

இன்ஸ்பெக்டர் முறைத்தார். ஆனால் மகளின் வாய் திறந்துகொண்டுவிட்டது. "போட்டுக்கிட்டோம்! எல்லாரும்தான் போட்டுக்கிட்டோம்! முன்னாடி ஒரு நல்ல டாக்டர்கிட்டதான் போனோம். க்ளினிக் வாசல்ல யாராவது போட்டோ எடுத்துட்டா டின்னை எவன் வாங்குவான்னு அம்மாதான் வீட்டுலயே போடச் சொன்னாங்க..."

"வாயை மூடு!" என்றான் மகன்.

"யார் போட்டது?" என்று கேட்டார் அண்ணி.

மகள் சட்டென்று தரையைப் பார்த்தாள். வாலு சுற்றிப் பார்த்தான். மாப்பிள்ளை பரிதாபமாக வியர்த்துப்போய் நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் ஆறாக ஓடிப் புருவத்தில் தேங்கி வழிந்தது. வாலு தன் கைக்குட்டையை நீட்டினான்.

"துடைச்சுக்குங்க சார். இந்த வீட்டுல உங்க நெத்தி ஒண்ணுதான் நெத்தி."

"துடைக்காதீங்க," என்றார் அண்ணி. "எனக்கு அந்த நெத்திதான் வேணும்."

மாப்பிள்ளையின் கை பாதியில் நின்றது.

"மாமியார் போட்டுக்கிட்டாங்க, மச்சான் போட்டுக்கிட்டாரு, கட்டின பெண்டாட்டி போட்டுக்கிட்டாங்க. நீங்க மட்டும் ஏன் சார் போட்டுக்கல?"

"எனக்கு... எனக்கு இந்த அழகு சமாச்சாரத்துலயெல்லாம் நம்பிக்கை இல்லைங்க."

"கிரீம் கம்பெனி ஆராய்ச்சித் தலைவருக்கா?"

அண்ணி கைக்குட்டையைப் பிரித்து, பாட்டிலை மேஜைமேல் வைத்தார். திருகுகள் உள்ளே கலகலத்தன. மாப்பிள்ளை பேயறைந்த மாதிரி அதைப் பார்த்தார்.

"இது எப்படி... இதைக் குப்பையிலதானே போட்டேன்!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"உங்க மாமியார் எதையாவது குப்பைக்கு விட்டு நீங்க பார்த்திருக்கீங்களா?" என்றார் அண்ணி. "நீங்க போட்டீங்க, அவங்க எடுத்து அலம்பித் திருகு போட்டு வெச்சுட்டாங்க. பற்பசையையே வெட்டி வழிக்கிற அம்மா. எல்லாருக்கும் போட்டது போக பாட்டில்ல மிச்சம் இருந்திருக்கும். வீணாக்காதே, எனக்கே போடுன்னு சொல்லியிருப்பாங்க. கழுத்துல. சரிதானே?"

வாலுவுக்கு வாய் பிளந்தது. இத்தனை நேரமும் அந்த ஆள் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு நல்லவர் பட்டம் வேறு கட்டியிருக்கிறானே!

மாப்பிள்ளை வெள்ளைக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். சுருக்கம் விழுந்த நெற்றி மெல்ல நேரானது. "பாட்டில் என்னோடதுதான். ஆன்லைன்ல வாங்கினேன், ஆய்வகத்துக்கு மட்டும்னு ஒட்டியிருந்தது, எங்ககிட்ட ஆய்வகம் இருக்கு. அதுல என்ன தப்பு? அதை நான் யாருக்காவது போட்டேன்னு யார் சொன்னா? என் மனைவி சொன்னாளா?"

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மச்சான் சொன்னாரா?"

மகன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது முகத்தில் தெரியவில்லை, ஆனால் குரலில் தெரிந்தது. "மாப்பிள்ளை சொல்றது நியாயம்தான். நாங்க போன வருஷம் க்ளினிக்ல போட்டுக்கிட்டது. அம்மாவுக்குப் பூண்டாலதான் வந்தது."

"போன வருஷம் போட்டது மூணு நாலு மாசத்துல கரைஞ்சிருக்கும் சார்!" என்றான் வாலு.

"அதை அத்தைகிட்டத்தான் கேட்கணும்," என்றார் மாப்பிள்ளை. "பாவம், அவங்கதான் நினைவில்லாம கிடக்கறாங்களே."

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "மேடம், பாட்டிலைப் பரிசோதனைக்கு அனுப்பி முடிவு வர நாளாகும். எனக்கு நேரமாச்சு. சமையல்காரரைக் கொண்டுபோய்த்தான் ஆகணும்." சமையலறை வாசலில் சமையல்காரர் விலங்கோடு வந்து நின்றார்.

அண்ணி போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டினார்.

"டாக்டர், பெரியம்மாவுக்கு நினைவு இல்லையாமே?"

"யார் சொன்னா?" டாக்டரம்மாவின் குரல் ஹாலில் கணீரென்று ஒலித்தது. "இந்த விஷம் தசையைத்தான் கட்டும், மூளையைத் தொடாது. அவங்க தெளிவா இருக்காங்க. முதல் நாள்லேருந்தே காது கேட்குது. இமையைத் தூக்க முடியல, பேச முடியல, அவ்வளவுதான்."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியம்மாவின் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, அவர் காதுபடவே, பழியைச் சமையல்காரர் தலையில் கட்டிவிடலாம் என்று பேசி முடிவு செய்தவர்கள் அந்த நாலு பேரும்தான் என்று வாலுவுக்கு அந்தக் கணமே புரிந்துபோயிற்று. மருமகளின் கையிலிருந்த கைப்பை நழுவித் தரையில் விழுந்தது.

"அவங்க எதையாவது அசைக்க முடியுமா?" என்று கேட்டார் அண்ணி.

"வலது கால் கட்டை விரல் அசையுது."

"நான் கேட்கறதை அவங்க காதுல போடுங்க டாக்டர். ஆமான்னா ஒரு தடவை, இல்லன்னா ரெண்டு தடவை. பெரியம்மா, பூண்டாலயா உங்களுக்கு இப்படி ஆச்சு?"

"ரெண்டு தடவை," என்றார் டாக்டரம்மா.

"ஊசி போட்டுக்கிட்டீங்களா?"

"ஒரு தடவை."

"போட்டது உங்க மாப்பிள்ளையா?"

"ஒரு தடவை. நல்லா பலமாவே ஆட்டறாங்க."

"மிச்சத்தையும் போடச் சொன்னது நீங்கதானா?"

இந்த முறை பதில் வரக் கொஞ்ச நேரமாயிற்று. "...ஒரு தடவை," என்றார் டாக்டரம்மா.

மாப்பிள்ளை சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார். அண்ணி விடவில்லை.

"பெரியம்மா, உங்க சமையல்காரரு விலங்கோட இங்க நிக்கறாரு. அவரு மேல ஏதாவது தப்பு உண்டா?"

"ரெண்டு தடவை," என்றது போன். அப்புறம் டாக்டரம்மாவின் குரல் மாறியது. "நிறுத்த மாட்டேங்கறாங்க. ரெண்டு ரெண்டா ஆட்டிக்கிட்டே இருக்காங்க. கண்ணு ஓரத்துல தண்ணி வழியுது."

சமையல்காரர் விலங்கிட்ட கைகளால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கி அழுதார். வாலுவும் அழுதான். அதை அவன் பிற்பாடு ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை, ஏசி இல்லாததால் வந்த வியர்வை என்றே சாதித்தான்.

இன்ஸ்பெக்டர் சாவியை எடுத்து விலங்கைக் கழற்றினார். "கட்டை விரல் ரேகை வாங்கிக் கேஸை முடிச்சிருக்கேன் மேடம். கால் கட்டை விரலே சாட்சி சொல்லி இன்னைக்குத்தான் பார்க்கறேன்." கழற்றிய விலங்கோடு மாப்பிள்ளையை நோக்கி நடந்தார்.

"நான் உதவி பண்ணத்தாங்க நினைச்சேன்," என்று முனகினார் மாப்பிள்ளை.

"அந்தக் காலத்து டாக்டர் அந்த விஷத்தை முதல்ல தன் நாக்குல வெச்சுப் பார்த்தாரு," என்றார் அண்ணி. "இந்த வீட்டுச் சமையல்காரரு தான் ஊறப்போட்ட பூண்டை முதல்ல தன் வாயில போட்டுப் பார்த்தாரு. நீங்க வாங்கின பாட்டிலை நீங்க மட்டும் போட்டுக்கல. உள்ள இருக்கறது என்னன்னு உங்களுக்கே தெரியல, அதான். அப்படித் தெரியாததை அடுத்தவங்க கழுத்துல ஏத்தறதுக்குப் பேரு உதவியா சார்?"

அதற்குள் மற்ற மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், உடனே போக வேண்டும், எங்கள் கார் எங்கே, முதலில் யார் ஏறுவது என்று சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். சமையல்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். மருமகளுக்கு அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது.

"இருங்க, நீங்க போயிட்டா ராத்திரிக்குச் சாப்பாடு?"

சமையல்காரர் திரும்பினார். "ஜாடியை எவ்வளவு அழகா தேய்ச்சீங்க சின்னம்மா! சமையலும் கை வந்துடும்." சட்டைப் பையில் இருந்த கரண்டியைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். "பெரியம்மா வாயால சாப்பிடற அன்னைக்குச் சொல்லி அனுப்புங்க. முதல் கரண்டி நான் ருசி பார்த்துத்தான் போகணும்."

மருமகளுக்குக் கோபமா, வெட்கமா, ஒன்றும் தெரியவில்லை. நெற்றி மழமழவென்று இருந்தது.

கேட்டுக்கு வெளியே, மத்தியானத்திலிருந்து வெயிலிலேயே நின்றிருந்தாள் சமையல்காரரின் மனைவி. கணவர் விலங்கில்லாத கையோடு நடந்து வருவதைப் பார்த்தாள். நெற்றி நெடுக வரி விழுந்தது, கண்ணோரம் சுருங்கியது, கன்னம் மடிந்தது, உதடு கோணியது. சிரிப்பும் அழுகையும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு அந்த முகம் முழுக்க ஓடின.

அண்ணி படியிலேயே நின்றுவிட்டார். வாலு காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "போகலாமா அண்ணி?" என்றான்.

"இருடா," என்றார் அண்ணி. "காலையிலேருந்து இப்பத்தான் ஒரு முகம் கிடைச்சிருக்கு. கொஞ்சம் படிச்சுட்டு வரேன்."